திராட்சைச் சக்கையைக் கொட்டிவிடலாமா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

பழச்சாறு ஆலையில் பல வருடம் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். பிழிந்த சக்கையைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்தவை இவை.

கேள்வி: பன்னீர் திராட்சை வாங்கி வீட்டில் ஜூஸ் போடுகிறோம். வடிகட்டிய சக்கையில் சத்து மிஞ்சுமா அண்ணா?

மிஞ்சுவதா, பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அந்தக் கருநீல நிறம், அதாவது ஆந்தோசயனின், தோலில் இருக்கிறது. துவர்க்கிற டானின் கொட்டையில் அதிகம். சதையில் தண்ணீர், சர்க்கரை, கொஞ்சம் புளிப்பு, அவ்வளவுதான். ஒரு பழத்தைத் தோலுரித்துப் பாருங்கள், உள்ளே வெளுத்துத்தான் இருக்கும். ஜூஸில் கூடுதலாக இறங்க வேண்டுமென்றால் பழத்தைக் கையால் மசித்து, கொதிக்க விடாமல் மிதமாகச் சூடு காட்டிவிட்டுப் பிழியுங்கள். தோல் இளகி நிறம் இறங்கும், சாற்றைப் பழுப்பாக்குகிற நொதியும் அடங்கும்.

கேள்வி: காயவைத்துப் பொடி பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் அன்றைக்கே. ஈரச் சக்கையில் சர்க்கரை இருப்பதால் நம் ஊர் வெக்கையில் சாயங்காலத்துக்குள் புளித்த வாடை வந்துவிடும். மெல்லிசாகப் பரப்பி, 60 டிகிரிக்குள் சூடு வைத்து, ஒடித்தால் நொறுங்குகிற வரை காயவிடுங்கள். சுள்ளென்ற வெயிலில் நிறம் வெளிறும். பூஞ்சை கண்டால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். சப்பாத்தி மாவில் ஒரு ஸ்பூன் போதும். சமையல் சோடா போடுகிற பலகாரத்தில் சேர்க்காதீர்கள், சோடாவின் காரத்தன்மை (புளிப்புக்கு எதிரான குணம்) பட்டால் ஆந்தோசயனின் சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போய்விடும். நான் ஒருமுறை சுட்ட கேக் சிமெண்ட் நிறத்தில் வந்து, வீட்டில் யாரும் தொடவில்லை.

கேள்வி: பூச்சிமருந்து?

அதுவும் பெரும்பாலும் தோலில்தான் தங்கும். கழுவினால் குறையும், முழுசாகப் போகாது. தோட்டம் தெரிந்த பழமாக இருந்தால் மட்டும் பொடி பண்ணுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ரத்தசோகை, இரும்பு மாத்திரை சாப்பிடுகிறார். கொடுக்கலாமா?

மாத்திரையோடு சேர்த்து வேண்டாம்மா. டானின் இரும்பைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாது, டீயும் அதே கதைதான். இடைவெளி விட்டு, டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக் கொடுங்கள்.

கேள்வி: திராட்சை விதை எண்ணெயில் இதெல்லாம் இருக்குமா சார்?

அநேகமாக இல்லை. டானின் எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கிலேயே நின்றுவிடும். அதைச் சொல்லி விலை ஏற்றினால் வாங்காதீர்கள்.

கேள்வி: பழமாகத் தின்றால் கொட்டையையும் மெல்லணுமா?

மெல்லணும். அப்படியே முழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும்.