ஏசி வாங்கும்போது ஸ்டாரை மட்டும் பார்க்காதீர்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் மொட்டை மாடிக்குக் கீழே 10-க்கு 12 அடி படுக்கையறை. கோடையில் மூன்று மாதம் ராத்திரி தூக்கமே இல்லை, ஏசி வாங்கப் போகிறோம். பூமிக்குக் கெடுதல் குறைய வேண்டும் என்றால் 5 ஸ்டார்தானே வாங்க வேண்டும்?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு 1 டன், 3 ஸ்டார் இன்வர்ட்டர் போதும். லேபிளில் போட்டிருக்கும் யூனிட், வருஷத்துக்கு 1600 மணி நேர ஓட்டத்துக்கானது. ராத்திரி 8 மணி நேரம், மூன்று மாதம் என்றால் உங்களுக்கு 720 மணிதான். 3 ஸ்டார், 5 ஸ்டார் இரண்டின் லேபிளுக்கும் 150 யூனிட் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் வீட்டில் அது 68 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு யூனிட் கரண்ட் எடுக்கச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஆக, வருஷத்துக்கு 47 கிலோ.

பெரிய கணக்கு, ஏசிக்குள் சுற்றிக் குளிரவைக்கும் கேஸில் இருக்கிறது. இப்போது பரவலாக வரும் ஆர்-32 கேஸ், கார்பன் டை ஆக்சைடைவிட 675 மடங்கு சூடேற்றும். உள்ளே இருக்கும் 600 கிராமும் கசிந்தால் 405 கிலோவுக்குச் சமம். 5 ஸ்டாரில் எட்டு வருஷம் மிச்சம் பிடித்தது ஒரே கசிவில் போச்சு. ஆர்-410ஏ என்றால் இரண்டாயிரம் மடங்குக்கு மேல்; மலிவு என்று செகண்ட் ஹேண்டில் அதை எடுக்காதீர்கள்.

அதனால் மாட்ட வருகிற அன்று பக்கத்திலேயே நில்லுங்கள். செம்புக் குழாயின் வாயை விரித்து நட்டு முடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கசியும். கோணலாக விரித்தாலும் கசியும், அளவுக்கு மீறி முடுக்கினாலும் விரிசல் விடும். அடுத்து, குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப். 15, 20 நிமிஷம் ஓடி, நிறுத்திய பிறகும் மீட்டர் முள் 10 நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். சிலர் பம்பே கொண்டுவராமல், வால்வை லேசாகத் திறந்து கேஸை விட்டே காற்றைத் தள்ளுவார்கள். கேஸும் வீண், ஈரமும் உள்ளே தங்கி கம்ப்ரசரைக் கெடுக்கும். விடாதீர்கள். கடைசியில் நட்டில் சோப்பு நுரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

"வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும் சார்" என்பதையும் நம்ப வேண்டாம். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்கிற பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை. அதை அடைக்காமல் அடிக்கிற கேஸ் நேரே வானத்துக்குத்தான்.

5 ஸ்டாருக்குப் போகாமல் மிஞ்சும் பணத்தில் மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். பிறகு 27-ல் வைத்து ஃபேனையும் போட்டால் தாராளம்; ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்.

கேள்வி: எங்களிடம் ஓடுகிற நிலையில் பழைய ஏசி ஒன்று இருக்கிறது. ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் நல்ல விலை கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: கடைக்காரருக்கு வேண்டியது செம்பு. குழாயை வெட்டியதுமே கேஸ் 'புஸ்' என்று வெளியே போய்விடும். பழசில் ஆர்-22 கேஸ் இருந்தால், ஒரு கிலோவே சுமார் 1.8 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கழற்றுமுன் மெக்கானிக்கிடம் "பம்ப் டவுன் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். ஏசியைக் கூலிங்கில் ஓட்டி, வெளி யூனிட்டின் சின்னக் குழாய் வால்வை மூடி, கேஸ் முழுவதும் வெளி யூனிட்டுக்குள் வந்ததும் பெரிய குழாய் வால்வையும் மூடிவிடுவார். சில நிமிஷ வேலை. அப்படியே பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் எங்கே போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலை கொஞ்சம் குறையும்தான்.

கேள்வி: பணகுடி, ராதாபுரம் பக்கம் கரண்ட் எடுக்க இத்தனை காத்தாடி, கூடங்குளத்தில் அணு உலை. நம்ம கரண்டில் ஏது புகை?

பதில்: கம்பியில் ஊர்க்கணக்கு கிடையாது, எல்லா மின்சாரமும் ஒன்றாகக் கலந்துதான் வருகிறது. காத்தாடி நன்றாகச் சுற்றுவது தென்மேற்குக் காற்றில். நீங்கள் ஏசி போடும் சித்திரை ராத்திரியில் அந்தக் காற்றும் இல்லை, சோலாரும் இல்லை. அப்போது தூத்துக்குடி போன்ற இடங்களில் நிலக்கரிதான் கூடுதலாக எரியும்.