வீட்டு மரத்தளம்: கையைக் கடிக்காமல் காப்பாற்றுவது எப்படி?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மரத்தளம் பற்றியவை. வீட்டை ஒட்டித் திறந்தவெளியில் பலகை பாவிப் போடுவோமே, டெக் என்பார்கள், அதுதான். "போட்டபோது பளிச்சென்று இருந்தது, இப்போது பார்க்கச் சகிக்கவில்லை, பெரிய செலவு செய்யவும் வசதியில்லை" என்பதுதான் கிட்டத்தட்ட எல்லாருடைய புலம்பலும். ஆகவே ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தளம் போட்டு எட்டு வருடம் ஆகிறது. பலகை எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது, இரண்டு மூன்று இடத்தில் காலை வைத்தால் லேசாக அமுங்குகிறது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் மொத்தத்தையும் பிரித்துப் புதிதாகப் போடவேண்டும் என்கிறார். வேறு வழியே இல்லையா?

பதில்: அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நிறம் போவது வேறு, மரம் இற்றுப்போவது வேறு. சாம்பல் நிறம் வெயில் செய்கிற வேலை. மரநாரைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைப் புற ஊதாக்கதிர் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். இது மேல்தோலோடு நிற்கிற சமாசாரம், அடியில் மரம் நன்றாகவே இருக்கும். அமுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கவனிக்க வேண்டியது.

ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கீழே குனிந்து நீங்களே குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை இறங்கவே இறங்காது, நெம்பினால் நீளமான சிராயாகக் கிளம்பும். இற்றுப்போன மரத்தில் கை அழுத்தத்திலேயே முனை உள்ளே போய்விடும், நெம்பினால் சிராய் வராமல் குறுக்கே பொட்டென்று ஒடியும். எங்கெல்லாம் குத்துவது? பலகைகளின் நுனி, திருகாணியைச் சுற்றி, தூண் மண்ணைத் தொடுகிற இடம், வீட்டுச் சுவரோடு பிணைத்திருக்கும் சட்டம். தண்ணீர் தங்குகிற இடங்கள் இவைதான். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை அழுகவைக்கும் பூஞ்சைக்கு அங்கே வேலை இல்லை. மழையில் நனைவதால் பெரிய கெடுதல் கிடையாது, நனைந்தது காயாமல் ஊறிக்கொண்டே இருப்பதுதான் மரத்துக்கு எமன்.

கீழே இருக்கும் சட்டங்கள் உறுதியாக இருந்து மேல் பலகை மட்டும் போயிருந்தால், அந்தப் பலகைகளை மட்டும் மாற்றினால் போதும். இற்றுப்போகாமல் மேல்பக்கம் வெடித்து, சிராய் கிளம்பிக் கிடக்கும் பலகையைத் திருப்பியே போட்டுவிடலாம், அடிப்பக்கம் வெயில் படாமல் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். (ஓரத்தில் பள்ளம் வெட்டி கிளிப் மாட்டிய பலகைக்கு இது சரிவராது.) புதுத் திருகாணி வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகு, இல்லாவிட்டால் சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்ததுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அழுகாமல் இருக்கத் தாமிரம் கலந்த மருந்து ஏற்றிய மரம் சாதாரண இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தரையிலிருந்து உயரமாக இருக்கும் தளம் என்றால், சுவரோடு பிணைத்த சட்டத்தையும் கைப்பிடியையும் விவரம் தெரிந்தவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சட்டம் போல்ட் போடாமல் வெறும் ஆணியில் நின்றுகொண்டிருந்தால், மேலே எத்தனை அழகு இருந்தாலும் அது ஆபத்து.

அந்த ஒப்பந்தக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். "எங்கே இற்றிருக்கிறது, குத்திக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சட்டம், பலகை, கைப்பிடி மூன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே தொகைதான் சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்தால், நான் அடுத்த ஆளைப் பார்ப்பேன்.

கேள்வி: கடையில் நிறமில்லாத சீலர், ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் தரும் பூச்சு), கெட்டியான ஸ்டெயின், பெயிண்ட், வெடிப்பையெல்லாம் மூடும் தடிப்பான பூச்சு என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். எது சிக்கனம்?

பதில்: டின் மேல் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. ஒரு டின் எத்தனை சதுர மீட்டருக்கு வரும், எத்தனை வருடம் நிற்கும், மறுபடி பூசும்போது பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்குமா, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

20 சதுர மீட்டர் தளம் என்று வையுங்கள். லேபிளில் லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்று இருந்தால் ஒரு கோட்டுக்கு இரண்டரை லிட்டர் போதும் என்றுதான் தோன்றும். காய்ந்துபோன பழைய மரம் அதைவிட அதிகமாகக் குடிக்கும், ஆகவே 5 என்று கணக்கு வைத்து 4 லிட்டருக்குத் தயாராக இருங்கள். அடுத்தது ஆயுள். நிறமில்லாத சீலர் தண்ணீரைத் தள்ளும், ஆனால் வெயிலைத் தடுக்க அதில் நிறமி இல்லை, அதனால் ஏறக்குறைய வருடாவருடம் பூசவேண்டி வரும். மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி லேசான நிறம் கொண்ட ஸ்டெயின் இரண்டு மூன்று வருடம் தாங்கும். சீலர் டின் ஸ்டெயினின் பாதி விலை என்றே வைத்துக்கொண்டாலும், மூன்று வருடத்தில் மூன்று டின், அதாவது ஒன்றரை மடங்கு செலவு. மூன்று தடவை முதுகு ஒடிவது தனி.

கெட்டியான ஸ்டெயினும் பெயிண்டும் இன்னும் கொஞ்ச காலம் நிற்கலாம். ஆனால் அவை மரத்தின் மேல் தோல் மாதிரி படிகிறவை. சுவரில் சரி. தளம் என்பது தண்ணீரும் வெயிலும் நேராக விழுந்து, ஆள் நடமாட்டமும் இருக்கிற இடம். நுனி வழியாகவும் இடுக்கு வழியாகவும் ஈரம் உள்ளே போய் அந்தத் தோலை அடியிலிருந்து தூக்கிவிடும், உரிய ஆரம்பித்தால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மறுபடி பூச முடியும், அந்தக் கூலியில் இரண்டு டின் வாங்கலாம். உள்ளே ஊறுகிற எண்ணெய் ஸ்டெயின் உரியாது, மெல்ல மங்கும். கழுவினோமா, காயவிட்டோமா, மேலே ஒரு கோட் அடித்தோமா என்று வேலை முடிந்துவிடும். ஆகவே பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, உள்ளே ஊறும் வகையில் லேசான நிறம் கொண்ட ஸ்டெயின்தான். வெடிப்பை மூடும் தடிப்பான பூச்சு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அடியில் ஈரம் சிக்கிக்கொண்டால் மொத்தமாக உரிந்து வரும், அதுவரை மேலே பூசி மெழுகியது அத்தனையும் வீண்.

அப்புறம் "15 ஆண்டு உத்தரவாதம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்களே, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அந்த ஆண்டுக்கணக்கு சுவருக்கும் வேலிக்குமா, நடக்கிற தளத்துக்குமா? திருப்பித் தருவது டின் விலை மட்டுமா, கூலியும் உண்டா? பெரும்பாலும் டின் விலைதான். பில்லையும் டின்னின் தொகுதி எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாசி பிடித்து வழுக்குகிறது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நீளக் கைப்பிடி போட்ட ஒரு பிரஷ் வாங்குங்கள். சோடியம் பெர்கார்பனேட் என்ற தூள் கிடைக்கும், தண்ணீரில் கரைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவுமாகப் பிரியும். "டெக் கிளீனர்" என்று தனி டப்பாவில் விற்கும் பலவற்றிலும், ஆக்சிஜன் வகைச் சலவைத் தூள்களிலும் இருப்பது இதுதான். சேர்மானப் பட்டியலைப் பார்த்துவிட்டு, வாசனையும் சாயமும் சேர்க்காத வெறும் தூளாக வாங்கினால் மிச்சம். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் காயவிடாமல் ஈரமாகவே வைத்திருந்து, ரேகை போகிற திசையிலேயே தேய்த்து அலசுங்கள். கரைத்தது மீந்தால் பாட்டிலில் ஊற்றி இறுக மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

குளோரின் பிளீச் மலிவுதான், ஆனால் மரநாரையும் கெடுக்கும், திருகாணியையும் அரிக்கும், ஓரத்துச் செடியையும் கருக்கிவிடும். ஆணியைச் சுற்றி இருக்கும் கறுப்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் நன்றாகக் கேட்கும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். இதையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

வாஷர் ஏற்கனவே வீட்டில் இருக்கிறது என்றால் மென்மரத்துக்கு அழுத்தத்தை 600 பிஎஸ்ஐ அளவோடு நிறுத்துங்கள், விசிறி மாதிரி விரியும் 40 டிகிரி முனையைப் போட்டு, ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். பலகை பஞ்சு பஞ்சாகக் கிளம்பினால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

கேள்வி: எண்ணெய் ஸ்டெயின் பூசி நான்கு நாள் ஆகிறது, இன்னும் பிசுபிசுக்கிறது. டின் போலியா?

பதில்: டின்னைக் குறை சொல்வதற்கு முன், எவ்வளவு பூசினீர்கள் என்று யோசியுங்கள். மரம் குடிக்கிற அளவுதான் குடிக்கும், மிச்சம் மேலேயே நின்று பிசினாகும். பூசிக் கால் மணி, இருபது நிமிடத்தில் மேலே தேங்கியதைத் துணியால் துடைத்து எடுத்திருக்கவேண்டும். இப்போது மினரல் டர்பன்டைனில் நனைத்த துணியால் அழுத்தித் துடையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அந்தத் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும், வீடே எரிந்த கதைகள் உண்டு. வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் முக்கி வையுங்கள்.

அடுத்த முறை பூசுவதற்கு முன் பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் பூசலாம். முத்து முத்தாக நின்றால் ஒன்று பழைய பூச்சு இன்னும் வேலை செய்கிறது, அல்லது மரம் இன்னும் காயவில்லை. இரண்டிலும் காசை வீணாக்கவேண்டாம். உப்புத்தாள் 60 அல்லது 80 எண் போதும், அதைவிட நைஸாகத் தேய்த்தால் ஸ்டெயின் உள்ளே இறங்காது.

கேள்வி: செலவே இல்லாமல் செய்யக்கூடியது ஏதாவது?

பதில்: நிறைய. பலகை இடுக்கில் அடைந்திருக்கும் சருகையும் மண்ணையும் பழைய கத்தியால் நெம்பி எடுங்கள், இந்த ஒரு வேலைக்கு ஈடாக எந்த டின்னும் கிடையாது. தொட்டிகளை நேராகப் பலகையில் வைக்காமல் அடியில் காற்றுப் போகும்படி கட்டை கொடுத்து வையுங்கள். ரப்பர் அடி போட்ட மிதியடியை எடுத்துவிடுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் தளத்தின் மேல் கொட்டினால் வேறு பக்கம் திருப்புங்கள். தேக்கு மாதிரி வைரம் பாய்ந்த மரமாக இருந்து, சாம்பல் நிறம் உங்களுக்குப் பரவாயில்லை என்றால் எதையுமே பூசாமல் விட்டுவிடலாம். கழுவினால் போதும்.

கேள்வி: கழற்றிய பழைய பலகையை அடுப்பெரிக்கலாமா?

பதில்: மருந்து ஏற்றிய மரம் என்றால் கூடவே கூடாது. பழையதில் குரோமியம், தாமிரம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்து இருக்கலாம், அமெரிக்காவிலேயே வீட்டு உபயோகத்துக்கு அதை 2003 கடைசியில்தான் நிறுத்தினார்கள். புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் வரும். முகமூடி இல்லாமல் அதைத் தேய்க்கவும் வேண்டாம்.

கேள்வி: பிளாஸ்டிக் கலந்த பலகை போட்டால் பராமரிப்பே இல்லை என்கிறார்களே?

பதில்: பூசும் வேலை இல்லை என்பது நிஜம். கழுவும் வேலை இருக்கும், அதிலும் பாசி பிடிக்கும், முதல் செலவும் மரத்தைவிட அதிகம். அடியில் தாங்கும் சட்டம் பெரும்பாலும் மரம்தான், அது இற்றால் மேலே எது இருந்தும் பயனில்லை. இன்னொன்று, அடர்நிறப் பலகை வெயிலில் நன்றாகச் சுடும். கடையில் சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி வந்து மதியம் வரை வெயிலில் போட்டு, வெறுங்காலை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஆர்டர் கொடுங்கள்.