அவருக்கும் ஒரு வாழ்க்கை உண்டு

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்ததால் பாலியல் தாக்குதலுக்கு ஆளான அமெரிக்கப் பெண் சானல் மில்லர் தன் கதையை எழுதிய ‘நோ மை நேம்’ (‘என் பெயரைத் தெரிந்துகொள்’) புத்தகத்தைப் படித்தேன். மனம் கனத்துவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம். வழக்கில் அவர் பெயரை வெளியிடாமல் காப்பாற்றினார்கள். தண்டனையும் கொடுத்தாயிற்று. அப்புறம் எதற்காக அவரே பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் கிளற வேண்டும்? என் தோழி ஒருத்தியும் தன் கதையை எழுத நினைக்கிறாள். எழுதச் சொல்லலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தோழி மீது உங்களுக்கு இருக்கும் அக்கறை தெரிகிறது. ஆனால் ‘எதற்குக் கிளற வேண்டும்’ என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். மில்லர் எதையும் கிளறவில்லை. ஊரே பேசித் தீர்த்த பிறகு, அவர் பேசுவது மட்டும்தான் பாக்கி இருந்தது.

2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் தான் எப்படிக் கண்டெடுக்கப்பட்டோம் என்பதை, வேலை இடத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு செய்தியில்தான் அவர் படித்தார். தன் உடம்புக்கு நடந்த அத்தனையும் அதில் இருந்தது. அதே செய்தியின் அடியில், அவரைத் தாக்கிய மாணவன் ப்ராக் டர்னரின் நீச்சல் போட்டி நேரங்களையும் போட்டிருந்தார்கள்! இத்தனை வருடம் கழித்தும் என்னால் இதைக் கடந்துபோக முடியவில்லை. அவனுக்குப் படிப்பு, பதக்கம், எதிர்காலம், நல்ல பையன் என்று கடிதம் கொடுக்க அப்பா, நண்பர்கள். இவருக்கு ஒரே ஓர் இரவு. அதுவும் நினைவில் இல்லாத இரவு. வழக்கில் அவருக்கு வைத்த ‘எமிலி டோ’ என்ற புனைபெயர் அவரைக் காத்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயருக்குப் பிடித்த வேலை என்று ஒன்று கிடையாது, சிரிப்பு கிடையாது. தண்டனை என்கிறீர்களே, ஆறு மாதம். மூன்றே மாதத்தில் வெளியே வந்துவிட்டான்.

2016இல் நீதிமன்றத்தில் அவர் வாசித்த வாக்குமூலத்தை லட்சக்கணக்கானோர் படித்தார்கள், அதே ஆண்டு கலிபோர்னியாவில் பாலியல் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம் மாறியது. பெரிய விஷயம்தான், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியம் 2019இல் வந்த இந்தப் புத்தகம். அச்சோவியம் கற்றது, மேடையேறி நகைச்சுவை பேசியது, தங்கையோடு இருந்த நெருக்கம் எல்லாம் இதில்தான் வருகின்றன. சைக்கிளில் வந்து தன்னைக் காப்பாற்றிய இரண்டு மாணவர்களின் நினைவாக, இரண்டு சைக்கிள்களை வரைந்து கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தவர் அவர். இந்தப் பெண்ணை எந்த வழக்குக் கட்டில் தேடுவீர்கள்?

சரி, உங்கள் தோழி. எழுது என்றும் சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். எதைச் சொல்வது, எதை விடுவது, யாரிடம் காட்டுவது, எல்லாம் அவர் முடிவு. ஒருவேளை உங்களிடம் கொடுத்தால், ‘அந்தச் சம்பவம்’ எங்கே வருகிறது என்று புரட்டித் தேடாதீர்கள். முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.