கோடையில் கோழி ஏன் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது?

அக்னி நட்சத்திர வெயிலில் வீட்டுக் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து நின்றால் அது வெப்ப அயர்ச்சி. உடம்பில் சேரும் சூட்டை வெளியேற்றத் திணறும் நிலை.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். மேலே இறகுப் போர்வை வேறு. மண்பானையில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறதல்லவா? கோழி அந்த வேலையை மூச்சு வழியே செய்கிறது. அப்போது, முட்டை ஓடு உருவாகத் தேவைப்படும் கரியமில வாயுவும் அதிகமாக வெளியேறுவதால் கோடை முட்டையின் ஓடு மெலிகிறது.

இப்படி மூச்சோடு நீர் போய்க்கொண்டே இருப்பதால், எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர். மண்சட்டியில் நிழலில் வையுங்கள்; மதியம் கட்டாயம் மாற்றுங்கள், சுட்ட நீரைக் கோழி தொடாது. தீனி செரிக்கும்போதும் உடம்பு சூடாகும். அதனால் விடியற்காலையும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று. மரத்தடியில் கொஞ்சம் புழுதி மண் இருந்தால் அதில் புரண்டு சுகமாகக் கிடக்கும்.

வாய் திறந்த கோழியெல்லாம் சீக்குக் கோழி என்று பலர் உடனே மருந்து தேடுகிறார்கள். முதலில் நிழலும் நீரும் கொடுங்கள், வெயில் தணிந்தும் மூச்சிரைப்பு அடங்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.