குல்தீப் நய்யாரின் பத்திகளைத் தமிழாக்கிய அனுபவத்திலிருந்து

கேள்வி: நாளிதழில் அரசியல் பத்தி எழுதுகிறவரின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? அறிவும் கருத்தும் இருந்தால் போதுமா?

போதாது என்பது என் எண்ணம். அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி டெல்லிப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஒரு நாளிதழின் நடுப்பக்கத்துக்கு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிக் கொடுக்கும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். அவருடைய கட்டுரைகளும் என் மேஜைக்கு வரும். ஒருவருடைய வாக்கியங்களை மாதக்கணக்கில் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தால், எந்த வரி அவர் விசாரித்து எழுதியது, எது உட்கார்ந்த இடத்தில் யோசித்தது என்று பிடிபட்டுவிடும். நய்யாரிடம் முதல் வகைதான் அதிகம். அவர் முதலில் நிருபர், அப்புறம்தான் பத்தி எழுத்தாளர்.

1923 ஆகஸ்ட் 14 அன்று சியால்கோட்டில் பிறந்தவர். சட்டம் படித்தவர். பிரிவினையில் ஊரை விட்டு டெல்லி வந்து, 'அஞ்சாம்' என்ற உருது நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தியாவில் உருதுப் பத்திரிகைக்கு இனி எதிர்காலமில்லை, ஆங்கிலத்துக்குப் போ என்று அவருக்குச் சொன்னவர் கவிஞர் ஹஸ்ரத் மொஹானி. பிறகு அமெரிக்காவில் இதழியல் படிப்பு, அரசு வேலை, உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரிக்குப் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி, அங்கிருந்து யு.என்.ஐ. செய்தி நிறுவனம்.

1964 மே 27 அன்று நேரு இறந்தார். அடுத்த பிரதமர் யார் என்று யு.என்.ஐ.யில் நய்யார் ஒரு செய்தி எழுதினார். மொரார்ஜி தேசாய் போட்டியில் இறங்கிவிட்டார், சாஸ்திரியின் பெயரும் அடிபடுகிறது, ஆனால் அவர் தயங்குகிறார் என்பதுதான் சாரம். நேருவின் சிதை ஆறுவதற்குள் பதவிக்கு அலைகிறாரே என்று மொரார்ஜி மேல் கட்சிக்குள் கோபம் எழுந்தது. காங்கிரஸ் தலைவராக இருந்த நம் காமராஜர், நாடாளுமன்றப் படிகளில் இறங்கி வரும்போது நய்யாரின் காதருகே குனிந்து நன்றி சொன்னாராம். அப்போதுதான் தன் செய்தி என்ன செய்திருக்கிறது என்று புரிந்தது என்று நய்யார் பின்னாளில் எழுதினார். மொரார்ஜிக்குக் கேடு செய்யும் எண்ணம் தனக்கு இல்லை என்றும் சொன்னார். நான் அதை நம்புகிறேன். ஆனால் நேற்றுவரை சாஸ்திரியிடம் வேலை பார்த்தவர் அப்படியொரு செய்தி எழுதினால் மொரார்ஜியின் ஆட்கள் சந்தேகப்பட்டதிலும் தப்பில்லை. இந்தத் தொழிலில் எழுதியவனின் மனசு அச்சில் தெரியாது, செய்தி மட்டும்தான் தெரியும்.

1975இல் நெருக்கடி நிலை வந்ததும், தணிக்கையை எதிர்த்து டெல்லி பிரஸ் கிளப்பில் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் கையெழுத்து வாங்கினார். ஜூலையில், விசாரணையில்லாமல் சிறையில் வைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் பிடித்து திஹார் சிறையில் அடைத்தார்கள். அவருடைய மாமனார் பீம்சேன் சச்சார், பஞ்சாப் முதல்வராக இருந்தவர். அந்த முதியவரையும் விடவில்லை. நய்யாரின் மனைவி தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவில் நீதிபதிகள் ரங்கராஜனும் அகர்வாலும் அந்தக் கைது செல்லாது என்றார்கள். ரங்கராஜன் குவாஹாட்டிக்கு மாற்றப்பட்டார். அகர்வால் உயர் நீதிமன்றத்திலிருந்து கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டார். நய்யார் என்றதும் இவர்கள் இருவரையும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

வெளியே வந்தவர் அடங்கி உட்காரவில்லை. காங்கிரசின் வெற்றி வாய்ப்பை அரசு விசாரிக்கிறது என்று ஒரு போலீஸ் அதிகாரி மூலம் தெரிந்ததும், பிரதமர் இந்திரா காந்தியின் மகன் சஞ்சய்க்கு நெருக்கமான கமல்நாத்தைப் போய்ப் பார்த்தார். தேர்தல் வருமா என்று கேட்கவில்லை. சஞ்சய் எந்தத் தொகுதியில் நிற்கிறார் என்று கேட்டார். 'உங்களுக்கு யார் சொன்னது?' என்று பதிலுக்கு ஒரு கேள்வி வந்தது. தேர்தல் வருகிறது என்பதற்கு வேறென்ன வேண்டும்? 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' அந்தச் செய்தியைப் போட்டது. மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும் என்று அதிகாரி ஒருவர் போனில் மிரட்டினார். 1977 ஜனவரி 18 அன்று இந்திரா காந்தி தேர்தலை அறிவித்தார்.

பத்து வருடம் கழித்து பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.கியூ. கானிடமும் இதே வழிதான். உங்களிடம் அணுகுண்டு செய்ய ஆளுமில்லை, பொருளுமில்லை என்கிறார்களே என்று சீண்டினார். எங்களிடம் இருக்கிறது, போய்ச் சொல்லுங்கள் என்று கான் வெடித்துவிட்டார். 1987 மார்ச்சில் லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகை அதை வெளியிட்டது. இப்படி இரண்டு கேள்விகளைக் கேட்கத் தெரிந்த பிறகுதான் ஒருவருடைய கருத்துக்கு எடை வரும்.

'பிட்வீன் தி லைன்ஸ்' என்ற அவருடைய பத்தி 14 மொழிகளில், 80க்கும் மேற்பட்ட நாளிதழ்களுக்குப் போனது. ஓர் ஆசிரியர் நிறுத்தினாலும் மற்ற ஊர்களில் வந்துகொண்டிருக்கும். ஒரு முதலாளியை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லை. அதனால்தான் 1990இல் அவர் லண்டனுக்கு இந்தியத் தூதராகப் போனதும், 1997இல் நியமன உறுப்பினராக மாநிலங்களவைக்குப் போனதும் எனக்கு உறுத்துகிறது. அரசைக் கேள்வி கேட்கிறவர் அரசு தரும் நாற்காலியில் உட்காராமல் இருந்திருக்கலாம்.

கடைசிக் காலக் கட்டுரைகளில் சொன்னதையே சொல்வார். பாகிஸ்தானோடு பேசுங்கள், எல்லையைத் திறங்கள். தமிழாக்கும்போது போன மாதம் எழுதிய என் வரிகளே திரும்ப வருவதுபோல் இருக்கும். ஆனால் 1947 செப்டம்பரில் அவர் எல்லை தாண்டி வந்தபோது, எதிரே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த முஸ்லிம்களின் முகத்திலும் அதே துயரத்தைப் பார்த்தவர். ஆகஸ்ட் 14 இரவு வாகா எல்லையில் மெழுகுவத்தி ஏற்றும் வழக்கத்தை அவர் தொடங்கியபோது உடன் நின்றவர்கள் வெகு சிலர். அவருடைய பிறந்த நாளும் அதுதான். 2018இல் 95 வயது முடிந்து ஒன்பதாம் நாள், ஆகஸ்ட் 23 அன்று டெல்லியில் இறந்தார். அதுவரையிலும் பத்தி எழுதிக்கொண்டுதான் இருந்தார்.