சீனியர்கள் ஏன் எழுத மாட்டேன் என்கிறார்கள்?

கேள்வி: கோவையில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் மேனேஜராக இருக்கிறேன். என் பிரிவில் 40 பேர். பழுது பார்த்த அனுபவங்களைப் பதிவு செய்து வைக்க 8 மாதம் முன்பு ஒரு சாப்ட்வேர் வாங்கினோம். இளைஞர்கள் ஏதோ எழுதுகிறார்கள். விஷயம் தெரிந்த சீனியர்கள் அதைத் தொடுவதே இல்லை. மாதம் 4 பதிவு கட்டாயம், எழுதாவிட்டால் இன்சென்டிவ் கட் என்று சர்க்குலர் விடலாமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: வேண்டவே வேண்டாம். மாதக் கடைசியில் 40 பேரும் தலைக்கு 4 எழுதிவிடுவார்கள், 'ஃபியூஸ் போயிருந்தது, மாற்றினேன்' என்று. அந்தக் குவியலில் ஒருமுறை தேடி அலுத்தவர் மறுபடி அந்தப் பக்கம் வர மாட்டார். இன்போசிஸே இதில் சூடுபட்டிருக்கிறது. 2000-ஐ ஒட்டி, அறிவைப் பகிர்ந்தால் புள்ளி, புள்ளிக்குப் பரிசு என்றார்கள். பதிவுகள் மளமளவென்று குவிந்தன, தரம் அடி வாங்கியது, கடைசியில் புள்ளி முறையையே மாற்ற வேண்டியதாயிற்று.

காப்பி மெஷின் செய்யும் ஜெராக்ஸ் கம்பெனியின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கம். அதில் வருபவர்களும் சர்வீஸ் ஆட்கள்தானே. 1980-களில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் அங்கே மெஷின் ரிப்பேர் செய்பவர்களோடு கூடவே அலைந்தார். மேனுவலில் இல்லாத பழுதுகளை அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து கதை பேசித்தான் தீர்த்தார்கள். 1990-களில் ஜெராக்ஸ் பிரான்சில் தொடங்கிய 'யுரேகா' என்ற ரிப்பேர் குறிப்புத் தொகுப்பு அந்தப் பேச்சையே பிடித்துவைத்தது. ஒருவர் சொன்ன குறிப்பை அனுபவஸ்தர்கள் சரிபார்ப்பார்கள், பிறகு சொன்னவர் பெயரோடு அது வெளிவரும். காசைவிட அந்தப் பெயர்தான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

உங்கள் சீனியருக்கு மோட்டார் சத்தத்திலேயே பேரிங் போனது தெரியும். அதைக் கட்டம் கட்டமாக, அதுவும் இங்கிலீஷில், டைப் அடி என்றால்? (இங்கிலீஷ் என்று நீங்கள் எழுதவில்லை. நானாக ஊகித்தேன்.) டீ நேரத்தில் ஒரு பையனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் பேசட்டும், பையன் போனில் பதிவு செய்து எழுதட்டும், அவர் திருத்தட்டும். கீழே அவர் பெயர்.

இன்னொன்று, உங்களிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்: 'எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு?' இதற்குப் பதில் முதலாளியிடம்தான் இருக்கிறது. ஆள் குறைக்கும் நிலை வந்தால் முதலில் யாரை அனுப்புவீர்கள் என்று அவரைக் கேளுங்கள். அவர் மழுப்பினால், உங்கள் சீனியர்கள் எழுதாமல் இருப்பதில் எனக்கு அவர்கள்மேல் ஒரு வருத்தமும் இல்லை.