கதவைப் பார்த்தபடி ஒரு மேசை

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு 41 வயது. மாலை ஷிப்டில் வேலை. பகலில் நான்கு ஆண்டுகளாகப் பங்குச் சந்தையில் தினவணிகம், அதாவது அன்றே வாங்கி அன்றே விற்கும் வியாபாரம் செய்கிறேன். அதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரை, பாகம் பாகமாக நானே தேர்ந்தெடுத்து அசெம்பிள் செய்ய ஆசைப்படுகிறேன். இதில் என்ன தவறு? மனைவி இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போதிருப்பது 8 ஜிபி ரேம் கொண்ட பழைய லேப்டாப். சந்தை திறந்த முதல் கால் மணி நேரம் சார்ட் நகரவே நகராது. போன மாதம் ஸ்டாப் லாஸை (நஷ்டம் ஓர் அளவைத் தாண்டாமல் தானாக விற்கச் சொல்லும் ஆர்டர்) மாற்றப் போனபோது திரை அப்படியே உறைந்துவிட்டது. அது உயிர்பெற்று வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. நான் கேட்பது ஆடம்பரமா? 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, நான்கு மானிட்டர்களைத் தாங்கும் கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் பவர் சப்ளை, ஒரு யுபிஎஸ். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிக் காட்டினேன். அவள் பட்டியலைப் படிக்கவே இல்லை. "இது வந்தால் என்ன மாறும்?" என்று மட்டும் கேட்டாள். அதில் இருந்த ஏளனம் எனக்குத்தான் தெரியும். மைத்துனரோ, "கேம் விளையாடவா?" என்று எல்லார் முன்னிலையிலும் சிரித்தார்.

பாகங்களை அடக்கும் பெட்டியான கேபினெட்டைத் தரையில் வைத்தால் தூசி சேரும் என்று நண்பன் சொன்னதால் பெரிய மேசையாகவே பார்த்துவைத்திருக்கிறேன். அறைக் கோடியில் கதவைப் பார்த்தபடி போட்டால், உள்ளே வருகிறவர்களுக்குத் திரைகளின் முதுகுதான் தெரியும், தொந்தரவு இருக்காது. ஆனால் கேபினெட் வாங்கவே விடவில்லையே! தையல்காரர் நல்ல மிஷின் வாங்கினால் வீட்டில் கோபிப்பார்களா? 8 ஜிபியை வைத்துக்கொண்டு நான் படும் பாடு யாருக்கும் புரியவில்லை. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

மைத்துனரை விட்டுவிடுவோம். லேப்டாப்பை மாற்ற வேண்டியதுதான், அதிலும் எனக்கு மறுப்பில்லை. உங்கள் பட்டியலை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். சார்ட் வரைவதற்குக் கிராபிக்ஸ் கார்டு பெரிதாக உழைக்காது, நான்கு மானிட்டர்களுக்கான இணைப்புகள் இருந்தால் சாதாரணக் கார்டே போதும் என்றார். மற்றபடி குறை சொல்லவில்லை.

நான் திரும்பத் திரும்பப் படித்தது, தூசிக்கும் கேபினெட்டுக்கும் நடுவே போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரியை. நான்கு திரைகள் வாங்க நினைக்கிறவர், நான்கின் முதுகையும் வீட்டாருக்குக் காட்டி மேசை போடுகிறார். அவர்கள் பார்க்கக் கூடாதது அதில் என்ன இருக்கிறது?

இன்னொன்றும் உறுத்தியது. 8, 32, 4, 650 என்று கடிதம் முழுக்க எண்கள். நான்கு ஆண்டுகளில் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்பது மட்டும் இல்லை. மறந்திருக்க மாட்டீர்கள். மனைவியிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். என் ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தொகை தெரியாமல் இருக்கலாம். ஆனால் சந்தை முடிந்து அறையைவிட்டு வெளியே வரும் உங்கள் முகத்தை நான்கு ஆண்டுகளாகப் பார்க்கிறார். "இது வந்தால் என்ன மாறும்?" என்பது உங்களுக்கு ஏளனமாகக் கேட்டது. எனக்குப் பயமாகக் கேட்கிறது. சரியான கேள்வியும்கூட.

உறைகிற லேப்டாப்பால் தொல்லை உண்டு. ஆனால் உறையாத கம்ப்யூட்டரால் லாபம் வரும் என்று யார் சொன்னது? ஆர்டர் போய்ச்சேரும் நேரத்தை உங்கள் பிராசசரைவிட இணைய இணைப்பும் தரகரின் சர்வரும்தான் தீர்மானிக்கின்றன. திரையில் ஒரு மாற்றத்தைக் கண்டு விரல் அசையவே மனிதருக்குச் சுமார் கால் விநாடி ஆகிறது. வேகத்தையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் தங்கள் சர்வர்களைச் சந்தையின் டேட்டா சென்டருக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் பிராட் பார்பர், டெரன்ஸ் ஒடீன் என்ற இரு நிதியியல் பேராசிரியர்கள் 1991 முதல் 1996 வரையிலான 66,465 குடும்பங்களின் பங்குக் கணக்குகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்த காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். ரேம் போதாமல் வந்த குறை அல்ல அது.

தரகரின் தளத்திலிருந்து உங்கள் ஓராண்டு ஆர்டர்களை இறக்கி அச்செடுங்கள். நஷ்டமான ஒவ்வொரு வரிக்கும் எதிரே பேனாவால் 'லேப்டாப்' அல்லது 'நான்' என்று எழுதுங்கள். போன மாதத்து வரிக்கு 'லேப்டாப்' என்று தாராளமாக எழுதலாம். மற்ற வரிகளில் பேனா தயங்கும் இடங்களை நீங்களே பார்ப்பீர்கள். அந்தத் தாளைத்தான் மனைவியிடம் காட்ட வேண்டும், பாகங்களின் பட்டியலை அல்ல. கோபப்படுவார், அழவும் செய்யலாம். உடனே விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். அதன் பிறகும் கம்ப்யூட்டர் வேண்டும் என்று தோன்றினால், மேசையை எந்தப் பக்கம் பார்த்துப் போடலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

போன பணத்தில் கடன் வாங்கியதும் இருந்தால், கணக்கு முழுதாகச் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்று இரவே சொல்லிவிடுங்கள்.